பெட்டிக்குள் ஒட்டிய பிளாஸ்திரி

திங்கள், ஜூன் 9

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. காற்று உண்டு, ஆனால் அனல். ரத்த அழுத்த மாத்திரை இன்னும் நான்கு நாளுக்குத்தான். கேஸ் பதிந்தாயிற்று.

பதினோரு மணிக்கு இப்ராஹிம் பாய். ஒரு கையில் பேரீச்சம்பழம், இன்னொரு கையில் பேரனின் கல்யாணப் பத்திரிகை. பக்ரீத் முடிந்த கையோடு வெயிலில் அலைகிறார். எழுபது வயது. எங்கள் மெல்லிசைக் குழுவில் இருபத்தாறு வருடம் டோலக் வாசித்தவர். இன்னமும் படியேறும்போது கைப்பிடிக் கம்பியில் விரல் தாளம் போடுகிறது.

ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து, கோரிப்பாளையத்தில் மண்டபம். பழைய குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் அரை மணி நேரம் மேடை ஏற வேண்டுமாம்.

"மாப்ள உள்ள வரையில அந்த ஷெனாய் கேக்கணும்க்கா. எம்மவன் கல்யாணத்துக்கும் நீங்கதான வாசிச்சீக. அதே சத்தம் வேணும். வேற எந்தப் பொட்டியிலயும் அது இல்ல."

இல்லைதான். ஷெனாய் வாசிக்கும் ஒருவரை இதே ஹாலில் உட்காரவைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க ஒவ்வொரு சுரமாக நான் பதிந்து எடுத்தது. சாம்ப்ளர் பெட்டியின் வேலையே அதுதான்: பதிந்த சத்தத்தைக் கட்டையில் வாசிக்கத் தரும். ஃபிளாப்பி எண் 14. நகல் கிடையாது.

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அடுத்ததை அவிழ்க்கிறார்.

"பொட்டி மக்கர் பண்ணுச்சுன்னா வெசனப்படாதீக. நம்ம செல்வம் புது கீபோர்டு கொண்டு வாராப்ல. ஷெனாய் இல்லாட்டியும் போகுது, அதுல வாசிச்சுக்கலாம்."

"அடுத்தவங்க கீபோர்டுல நான் வாசிச்சது இல்ல பாய்."

"அடுத்தவங்களா? உங்க கொழுந்தனாருக்கா!"

காபி கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல்.

செல்வம். என் கணவரின் தம்பி. எட்டு வருடமாக இந்த நோட்டில் அந்தப் பெயர் இல்லை. இனியும் முழுதாக எழுதப்போவதில்லை. செ. போதும்.

மா. 4. பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். ஃபிளாப்பி ஏற ஒன்றரை நிமிடம், சரி. ஷெனாய் சரி. ஆனால் பின்பக்கத்துச் சின்ன ஃபேன்! முதலில் முனகல், பிறகு உறுமல், நடுநடுவே கிரீச். வேலைக்கு வரும் பாண்டியம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"என்னம்மா, மிக்சிக்குள்ள கல்லு கெடக்கா?"

22ஆவது நிமிடம் திரை உறைந்தது. மூடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஃபேன் சுற்றுகிறது, காற்று பேருக்குத்தான்.

ஆறு நாள் இருக்கிறது. செ.யின் கீபோர்டில் வாசிக்க மாட்டேன்.

செவ்வாய், ஜூன் 10

தண்ணீர் வரவில்லை. கிணற்று மோட்டார்.

வெளியிலிருந்தே ஃபேனை அளந்தேன். ஆறு செ.மீ. சதுரம். இரண்டே வயர், சிவப்பும் கறுப்பும் கம்பி வலை வழியே தெரிகிறது. டிஷ்யூ தாளைக் கிழித்துப் பிடித்துப் பார்த்தேன், வெளிப்பக்கமாக ஆடியது. ஆக, காற்று உள்ளேயிருந்து வெளியே. குறித்துக்கொள்கிறேன், அடிக்கோட்டுடன்: காற்று வெளியே.

டவுன்ஹால் ரோடு. மூன்று கடை. முதல் இரண்டில் பார்க்காமலேயே இல்லை என்றார்கள். மூன்றாவதில் கண்ணாடி போட்ட ஒருவர், பொறுமைசாலி.

"பன்னெண்டு வோல்ட்டு, சத்தமே வராதும்மா. வயர் மட்டும் கொஞ்சம் குட்டை. மூணு வயர் இருக்கும், மஞ்சள வெட்டி விட்டுருங்க. ஓரத்துல அம்பு போட்டுருக்கு, பாத்து மாட்டுங்க. மாத்தி மாட்டுனா காத்து உள்ள அடிக்கும்."

"அம்பு எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாச் சரிம்மா. நேத்து ஒரு இஞ்சினியரே திருப்பி மாட்டிட்டு வந்து நிக்கிறாப்ல."

நான் இஞ்சினியர் இல்லை. ஆகவே படித்துவிட்டுச் செய்வேன். இதைச் சொல்லவில்லை.

மதியம் தூக்கம் வரவில்லை. கொட்டாம்பட்டிதான் நினைவு. ஒரு முறை முழுக்க எழுதிவிடுகிறேன், பிறகு விட்டுவிடலாம்.

எட்டு வருடம் முன்பு, மாசி மாதம். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஊர்த் திருவிழா. அதற்கு முந்தைய வாரம் செ. பெட்டியை வேறொரு கச்சேரிக்கு வாங்கிப்போய் நான்கு நாள் வைத்திருந்தான். மேடையில் மூன்றாவது பாட்டில் பெட்டி கிரீச்சிட்டது, பிறகு உறைந்தது. கூட்டம் விசில். செ. பக்கத்தில்தான் நின்றான், கையில் அந்த வெள்ளி டப்பா. ஒரு நாளைக்கு அரை டப்பா மூக்குப்பொடி போடுகிறவன். சட்டையில் பொடி, விரலில் பொடி, அவன் தொட்ட பாட்டு நோட்டில் பொடி.

"பொடியக் கொட்டிக் கொட்டியே என் பெட்டியக் கெடுத்துட்ட. இனிமே இதத் தொடாத. வீட்டுப் பக்கமும் வராத."

மைக் திறந்திருந்தது. எனக்குத் தெரியாது. நான்கு குழாய் ஸ்பீக்கர், தோப்பு முழுக்க. பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஏ பொடி!" என்றான். ஊரே சிரித்தது. அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆரப்பாளையத்தில் அவன் நடத்தும் மைக் செட் கடையைக்கூட இப்போது பொடி கடை என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரிகிறதாம்.

என் கணவர் அப்போது மேடையில் எனக்கு இடப்பக்கம் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் போனபோது செ. வந்தான். ஐந்து வருடம் ஆகிறது. அண்ணனைத் தூக்கினான், சுடுகாடு போனான், திரும்பி வந்து தெருவில் வெயிலில் நின்றான். வாசல் தாண்டவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் உள்ளே கூப்பிடவில்லை.

சொன்ன இடம் தவறு. அதை அன்றே ஒப்புக்கொண்டேன், எனக்குள். சொன்ன விஷயம் தவறில்லை.

புதன், ஜூன் 11

கா. 9 முதல் 10.30 வரை மின்சாரம் இல்லை. நல்லதாகப் போயிற்று, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அவருடைய விதி.

மேஜையில் எடுத்து வைத்தவை:
பழைய வேட்டித் துணி, வெள்ளை
ஸ்க்ரூ டிரைவர் இரண்டு
டார்ச்
பெயின்ட் பிரஷ், புதியது
வயர் வெட்டும் கத்தரி, கறுப்பு டேப்
இட்லித் தட்டு இரண்டு (ஒரு குழிக்கு ஒரு ஸ்க்ரூ, எந்த இடத்தில் இருந்து வந்ததோ அதே வரிசை)
வாசிக்கும் கண்ணாடி, உதிரிக் கண்ணாடி

மூடிக்கு ஒன்பது ஸ்க்ரூ. எட்டு வந்தது. ஒன்பதாவது, பின்பக்கம் ஃபேனுக்கு நேர் மேலே, அசையவில்லை. தலை தேய்ந்துகொண்டே வருகிறது. இன்னும் இரண்டு திருப்பு தவறாகத் திருப்பினால் ஸ்க்ரூவின் பிடி முழுக்கப் போய்விடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துளை போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழும். நிறுத்தினேன். மறுபடி முயன்றேன். நிறுத்தினேன். வலது கட்டைவிரலில் கொப்புளம்.

பாண்டியம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள்.

மா. 5. பாய் போன். "பொட்டி ரெடியாக்கா?" ஆகிவிடும் என்றேன். பொய் சொல்லி வெகுநாள் ஆயிற்று.

இரவுச் சாப்பாடு: தயிர் சோறு, நார்த்தங்காய். உப்பு அதிகம்.

வியாழன், ஜூன் 12

காலையில் கேட்டேவிட்டேன். "நேத்து என்ன சொல்ல வந்த?"

"ஒரு சொட்டுத் தேங்கெண்ணெ விட்டு ஊற வச்சா வந்துரும்மா. எங்க வீட்டுக் கதவுத் தாப்பா அப்படித்தான் வந்துச்சு."

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க வைவீகள்ல."

வைதிருப்பேன். மின்சாரப் பெட்டிக்கு எண்ணெயா என்று கேட்டிருப்பேன். தீக்குச்சி முனையில் ஒரே சொட்டு. அரை மணி நேரம். ஒன்பதாவது ஸ்க்ரூ வந்தது. இட்லித் தட்டில் அதன் குழியில் போட்டேன்.

மூடி திறந்தாயிற்று. உள்ளே நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. திறப்பது எப்போதும் அவர் வேலை. பச்சைப் பலகைகள், அதன் மேல் மெல்லிய தூசி, ஒரு செத்த பல்லிக்குட்டி, அவ்வளவுதான். எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். ஃபேனின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தேன்.

பழுப்புப் பொடியைத் தேடினேன்.

பொடி இல்லை. இறக்கை ஒவ்வொன்றின் மேலும், நடுக் குமிழிலும், வலையின் உள்பக்கத்திலும் வெளிறிய மஞ்சளாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிய அடை. ஊடே சிவப்பு. பிரஷ் போதவில்லை. நகத்தால் சுரண்டினேன், செதிலாக வந்தது. அடுக்கு அடுக்காக, பழைய சுவரில் வருடா வருடம் அடித்த வெள்ளை மாதிரி. முகர்ந்தேன்.

சந்தனம்.

உட்கார்ந்துவிட்டேன்.

ஆயுத பூஜை. எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம். மற்றவர்கள் வாத்தியத்தின் முன்பக்கம் வைப்பார்கள். நான் வைப்பதில்லை, முன்பக்கத்து எழுத்து மறைந்துவிடும், பொத்தான் ஒட்டிக்கொள்ளும். எல்லாரையும் அதட்டியிருக்கிறேன், "படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்று. பெட்டிக்கு மட்டும் என் கையால், பின்பக்கம் வைப்பேன். வட்டமான கம்பி வலை, நடுவில் பொட்டு வைக்க வாகாக இருக்கும். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், தாராளமாக. வலை வழியாக உள்ளே வழிந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு பொட்டு. முப்பது வருடத்துக்கு மேல்.

பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. பாண்டியம்மா சொல்லிக்கொண்டு போனதுகூட நினைவில்லை.

பிறகு மூடியைத் திருப்பினேன். உள்பக்கத்தில் வரிசையாகப் பிளாஸ்திரித் துண்டுகள். அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும்: பெட்டியை யார் திறந்தாலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் தேதியும் செய்த வேலையும் எழுதி உள்ளே ஒட்டிவிட வேண்டும். ஆறு துண்டு. ஐந்து பெல்ட், சுவிட்ச், பேட்டரி என்று ஏதேதோ. ஆறாவது, கொட்டாம்பட்டிக்கு நான்கு மாதம் முன்பு. அவர் எழுத்து, எறும்பு வரிசை:

"தீபாவளி மறுநாள். ஃபேன் இறக்கையில் சந்தனம், குங்குமம். முடிந்த மட்டும் சுரண்டியது. ஆ. பூஜைக்குப் பின்பக்கம் வைக்கக் கூடாது. சொல்ல வேண்டும். (செல்வம் உடனிருந்தான்.)"

சொல்ல வேண்டும்.

யாரிடம் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

அவருக்குத் தெரியும். செ.க்கும் தெரியும். அந்த மேடையில் பெட்டி அருகே மூன்று பேர் நின்றோம், தெரியாதவள் நான் ஒருத்திதான், பேசியவளும் நான் ஒருத்திதான். எனக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு உங்கள் சொந்தத் தம்பியை ஊரே சிரிக்க விட்டீர்கள். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று ஆயுத பூஜை உங்கள் கண் முன்னால் பின்பக்கம் சந்தனம் வைத்தேன். கிண்ணத்தை நீட்டியது நீங்கள்.

மதியம் சாப்பிடவில்லை. இதைப் பட்டினி என்று யாரும் நினைக்க வேண்டாம். பசி இல்லை.

வெள்ளி, ஜூன் 13

மேகம். மழை இல்லை.

விடியும்போது ஒரு யோசனை. மூடியைப் பூட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? பழைய ஃபேன் குப்பைக்கு. பிளாஸ்திரியை உரித்தால் ஒரு நொடி. ஞாயிறு நான் வாசிப்பேன், செ. தூரத்தில் நிற்பான், பிரியாணி, கலைந்துவிடுவோம்.

யோசித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

கா. 10. வேலை. பழைய ஃபேனின் வெள்ளைச் சொருகியை இரண்டு விரற்கடை வயரோடு வெட்டி, புதியதன் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றினேன். மஞ்சளை வெட்டினேன். கண்ணாடி மூடுபனி பிடித்த மாதிரி. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அப்படியேதான். கடைக்காரர் சொன்னபடி வயர் குட்டை. வயர் புறப்படும் பக்கம் உள்ளே பார்த்திருந்தால்தான் சொருகி எட்டுகிறது. அப்படியே வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். மூடி, ஒன்பது ஸ்க்ரூ, இட்லித் தட்டு வரிசைப்படி.

சுவிட்ச் போட்டேன்.

சத்தமே இல்லை. முதலில் ஓடவில்லை என்றே நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் சுற்றுகிறது. அடுத்த வீட்டுக் குக்கரின் மூன்றாவது விசில் கேட்டது, மாடிப் படியில் பூனை இறங்குவது கேட்டது.

ஷெனாய் வாசித்தேன். 45 நிமிடம். உறையவில்லை. மூடி சூடுதான், கை வைக்கலாம். ஜூன் அல்லவா.

எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். எழுபத்தாறு வயதில் தனியாகச் செய்தது.

பிளாஸ்திரி எழுதி ஒட்டவில்லை. என்ன எழுத?

பழைய ஃபேனைத் துடைக்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

சனி, ஜூன் 14

கான்வென்ட்டில் எங்களுக்குப் பியானோ கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. வகுப்பு முன்னால் பிறர் மேல் பழி சொன்னவள், அதைத் திரும்ப எடுப்பதும் வகுப்பு முன்னால்தான். தனியாக அறைக்கு வந்து அழுதால் ஏற்க மாட்டார். "அது உனக்காக அழுவது" என்பார். போன் எடுத்து மூன்று முறை வைத்தேன். போன் அறைக்கு வந்து அழுவது மாதிரிதான்.

இருந்தாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மா. 4 மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஆரப்பாளையம் என்றேன். எந்த இடம் என்றார். மைக் செட் கடை என்றேன்.

"பொடி கடையாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. என் வாயால்.

கடைக்கு எதிரே நிறுத்தினார். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், புகை. செ. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே வயர் சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. பின்னாலிருந்து பார்த்தால் அவர் மாதிரியே தோள், இடது பக்கம் கொஞ்சம் இறங்கி. ஒரு சுருள் முடித்தான். அடுத்த சுருள்.

"எறங்குறீகளா, இல்ல இப்படியே பாத்துட்டுப் போகப்போறமா?"

"வண்டியத் திருப்புங்க."

கோழை. கோழை என்ற சொல்லை நான் மற்றவர்களுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

மா. 6. பாய்க்குப் போன். நாளை விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், மேடையில், குழு எல்லாரும் இருக்கும்போது எனக்கு இரண்டு நிமிடம் மைக் வேண்டும் என்றேன்.

"எதுக்குக்கா?"

"ஒரு கணக்குத் தவறு. திருத்தணும்."

"கல்யாண வீடுக்கா…" இழுத்தார். சண்டை போடப்போகிறேன் என்று பயம். சண்டை இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது.

ஞாயிறு, ஜூன் 15

கா. 6. தூறல், தரை நனையவில்லை. பச்சைக் கரை வெள்ளைப் புடவை. கைப்பையில்: மாத்திரை, டார்ச், ஸ்க்ரூ டிரைவர், பழைய ஃபேன், ஃபிளாப்பி 14, பிளாஸ்திரிச் சுருள் (ஏன் எடுத்தேன் தெரியவில்லை), இந்த நோட்டு.

மா. 6.35. மண்டபத்தின் பின்னறையில் எழுதுகிறேன். பாத்திரச் சத்தம், நெய் வாசனை. இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

நாலரைக்கு வந்தேன். மேடையில் பாய், கிட்டார் வாசிக்கும் தாமஸ், ஒரு மூலையில் ஸ்பீக்கர் வயரோடு செ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வணக்கம் சொல்லவில்லை, எழுந்து மட்டும் நின்றான். கீழே நாற்காலி அடுக்கும் ஆட்கள், தட்டு எண்ணும் சமையல்காரர்கள், பாயின் உறவுக்காரப் பெண்கள், நாற்பது பேர் இருக்கலாம்.

பெட்டியை மாட்டினேன். மைக்கைத் தட்டினேன். திறந்திருக்கிறதா என்று இந்த முறை நானே பார்த்தேன். பேப்பரைப் பிரித்து ஃபேனைக் கையில் எடுத்தேன்.

"எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு மேடையில, என் கொழுந்தன் செல்வம் மூக்குப்பொடியால என் பெட்டி கெட்டுப்போச்சுன்னு மைக்ல சொன்னேன். இது அந்தப் பெட்டியோட ஃபேன். இதுல பொடி இல்ல. சந்தனம் இருக்கு. வருசா வருசம் பூசினது நான். செல்வம் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

நாற்காலி அடுக்குவது நின்றது. தாமஸ் கிட்டார் கம்பியையே பார்த்தார்.

செ. மெதுவாக வந்தான். ஃபேனை வாங்கினான், திருப்பிப் பார்த்தான்.

"தெரியும் மதினி. அண்ணே அன்னைக்கே காட்டுச்சு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா?"

முதலில் சிரித்தது பாய். பிறகு தாமஸ். பிறகு கீழே தட்டு எண்ணுகிறவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே. மைக் திறந்தே இருந்தது. நான் சிரிக்கவில்லை. காது சுட்டது. அது எனக்கு உரியதுதான், வாங்கிக்கொண்டேன்.

"பொடி போட்டியே, இப்பவும் போடுறியா?" வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்.

"விட்டு ஏழு வருசமாச்சு. நீங்க சொன்னதுக்கு இல்ல மதினி. டாக்டர் சொன்னாரு."

வாசிக்க ஆரம்பித்தோம். ஒத்திகைதான். மேடையில் பத்து விளக்கு, மேலே தகரக் கூரை. இருபது நிமிடம். ஃபேன் ஊமையாக ஓடியது, எனக்குத் திருப்தி. மூடியைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். திரை ஒரு முறை மினுங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

செ. பெட்டிக்குப் பின்னால் போய் நின்றான். உள்ளங்கையை வலைக்கு நேரே விரித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து வலைக்குப் பக்கத்தில் பிடித்தான். டிக்கெட் வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

பாயைப் பார்த்தான். பாய் டோலக்கைப் பார்த்தார். தாமஸ் கூரையைப் பார்த்தார். இந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். முப்பது வருடம் என்னைச் சுற்றி இருந்திருக்கிறது. என்னவென்று இன்றைக்குத்தான் புரிந்தது. யார் சொல்வது என்ற பார்வை.

"சொல்லு" என்றேன்.

"மதினி… ஃபேனத் திருப்பி மாட்டிருக்கீக. காத்து உள்ள இழுக்குது. சூடு வெளிய போக வழியில்ல. மாப்ள உள்ள வாரதுக்குள்ள நின்னுரும்."

அம்பு. செவ்வாய்க்கிழமை அடிக்கோடு போட்டு எழுதினேன். வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை.

மணி 5.20. பெட்டியை அணைத்தேன். செ. உடனே ஸ்க்ரூவில் கை வைத்தான்.

"ஒரு மணி நேரம் ஆறணும்னு அவர் சொல்வார்" என்றேன்.

"அது அண்ணே உங்கள பயமுறுத்தி வச்சது மதினி. இருவது நிமிசம் போதும்."

இருபது நிமிடம் மேடை ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். யாரோ இரண்டு கிளாஸ் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். அவன் குடித்தான். நான் வாங்கிக்கொடுத்தது இல்லை, என் வீடும் இல்லை, ஆனாலும் குடித்து முடிக்கிற வரை பார்த்தேன்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். அவன் கழற்றினான், நான் டார்ச் பிடித்தேன். "இங்கிட்டு மதினி. இன்னும் கொஞ்சம் கீழ." அவன் சொன்ன பக்கமெல்லாம் பிடித்தேன். வயர் எட்டவில்லை, அவன் கடைப் பையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சேர்த்தான். மூடியைத் திருப்பியபோது அண்ணனின் எழுத்தைப் பார்த்தான். கடைசித் துண்டை இரண்டு முறை படித்தான். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திவிட்டான், உரியாமல்.

"நீங்க எழுதி ஒட்டலையா?"

"இல்ல."

"தொறந்தா எழுதணும்ல."

இப்போது மூடி ஆறிக் கிடக்கிறது. டிஷ்யூ வெளியே பறக்கிறது, நானே மூன்று முறை பார்த்தேன். வாசலில் பட்டாசு, மாப்பிள்ளை கார் திரும்பிவிட்டது போலிருக்கிறது. பாய் கதவைத் தட்டுகிறார்.

பிளாஸ்திரியை அவன் வெட்டிக் கொடுத்தான், நான் எழுதினேன். ஏழாவது துண்டு:

"ஜூன் 15. ஃபேன் மாற்றியது நான். தவறாக மாட்டியதும் நான். சரியாகத் திருப்பியது செல்வம். சொன்னதும் அவனே."